அஞ்சலக ஆர்.டி.: அறுபதாவது தவணை வரை போய்ச் சேர

மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் அஞ்சலகத் தொடர் வைப்பில் (ஆர்.டி.) ஐந்து வருடம் கட்டினால் 71,366 ரூபாய் வரும். கட்டியது 60,000, வட்டி 11,366. இப்போதுள்ள 6.7 சதவீத வட்டிக்கு உண்டான கணக்கு இது. 2023 அக்டோபரில் வந்த விகிதம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும் என்றாலும், கணக்குத் தொடங்கிய நாளில் இருந்த விகிதமே அறுபது தவணைக்கும் நிற்கும். குறைந்தபட்சத் தவணை 100 ரூபாய். அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி தலைமை அஞ்சலகங்களிலும், அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் உள்ள கிளை அஞ்சலகங்களிலும் கிடைப்பது இதே திட்டம்தான். பணத்துக்கு மத்திய அரசு பொறுப்பு. பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல திட்டம்தான், ஆனால் தொடங்குகிற விதத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டாவது வருடத்தில் நின்றுபோன பாஸ்புக்குகள் எத்தனையோ வீட்டு பீரோக்களில் கிடக்கின்றன.

நிற்பதற்கு முதல் காரணம் வட்டி ஏறும் விதம். ஆயிரம் ரூபாய்த் தவணையில் முதல் வருடம் சேரும் வட்டி 442 ரூபாய். பன்னிரண்டு மாதம் வரிசையில் நின்று கட்டியதற்கு இவ்வளவுதானா என்று மனம் விட்டுப்போவது இங்கேதான். இரண்டாம் வருடம் சுமார் 1,297, மூன்றாம் வருடம் 2,210, நான்காம் வருடம் 3,187, ஐந்தாம் வருடம் மட்டும் 4,230. மொத்த வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில்தான் வருகிறது. பாதியில் நிறுத்துகிறவர் கடினமான பகுதியை நடந்து முடித்துவிட்டு, பலன் வரும் இடத்தில் திரும்பிவிடுகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த ஐந்து எண்களையும் பாஸ்புக் அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது: தவணைத் தொகையை நல்ல மாதத்தைப் பார்த்து முடிவு செய்வது. மாங்காய்ச் சீசனில் கையில் காசு புரளும்போது காவேரிப்பட்டணத்துக்காரருக்கு மாதம் மூவாயிரம் சுலபமாகத் தெரியும். நவம்பரில் அதே மூவாயிரம் மலையாக நிற்கும். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்குக் கிலோ என்ன விலை போகும் என்று அடுத்த வாரத்துக்கே சொல்ல முடியாது. ஓசூர் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஓவர்டைம் உள்ள மாதம் ஒரு சம்பளம், இல்லாத மாதம் வேறு சம்பளம். ஆகவே கடந்த பன்னிரண்டு மாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மிக மோசமான மூன்று மாதங்களை மட்டும் எடுத்து, அந்த மாதங்களில் செலவு போக மாதத்துக்கு என்ன மிஞ்சியது என்று பாருங்கள். அதில் பாதிதான் உங்கள் தவணை. 300 ரூபாய் என்று வந்தால் 300 ரூபாய்க்கே தொடங்குங்கள். கவுன்டரில் யாரும் தொகையைப் பார்த்து ஏளனம் செய்வதில்லை. செய்தாலும் பொருட்படுத்தத் தேவையில்லை. ஒருமுறை எழுதிய தவணைத் தொகையை இடையில் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதால் இந்த ஒரு கணக்கை நிதானமாகப் போட வேண்டும். வருமானம் கூடினால் இன்னொரு கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம். ஒருவர் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது.

இந்த விதியை முழுசாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. மாதம் 2,000 கட்ட முடிகிறவர் ஒரே கணக்காக 2,000 போடாமல், 500 ரூபாய் வீதம் நான்கு கணக்காகத் தொடங்குவதே புத்திசாலித்தனம். வட்டி ஒரு பைசா குறையாது. ஆனால் அவசரம் வரும்போது வித்தியாசம் தெரியும். ஆர்.டி.யை மூன்று வருடம் முடிந்த பிறகே முன்கூட்டி முடிக்க முடியும். அப்படி முடித்தால் 6.7 கிடையாது, சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான். முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் முடித்தாலும் இதே கதி. ஒரே பெரிய கணக்காக இருந்தால் மருத்துவச் செலவுக்கு இருபதாயிரம் தேவைப்பட்டாலும் முழுக் கணக்கையும் உடைத்து, மொத்தத்துக்கும் வட்டி இழக்க வேண்டும். நான்கு புத்தகம் இருந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற மூன்றும் தம் வழியில் ஓடும். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் அது எதற்கு என்று பேனாவால் எழுதுவது சிலரிடம் உள்ள நல்ல பழக்கம்: ‘தையல் மெஷின்’, ‘போர் மோட்டார்’, ‘பாப்பா காலேஜ்’. பெயர் எழுதிய புத்தகத்தை உடைக்கக் கை அவ்வளவு சீக்கிரம் போகாது.

தொடங்கும் தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாதத்தின் 1 முதல் 15 தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும். 16 அல்லது அதற்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. சம்பளம் 7 அல்லது 10 தேதியில் வருகிறவர்கள் முதல் பாதியில் தொடங்கலாம். பணம் வேறு செலவுக்குப் போவதற்கு முன் கட்டிவிட அது உதவும். பால் பணம், கூலி என்று துண்டுதுண்டாக வருகிறவர்கள் 16க்குப் பிறகு தொடங்குவதே சரி. ஏஜென்ட் வந்து கேட்ட தேதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐந்து வருடமும் 14ஆம் தேதி கைமாற்றுக்கு அலைகிறவர்கள் உண்டு. இந்த விதியைக் கவுன்டரில் தாமாக யாரும் சொல்ல மாட்டார்கள்; நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் தாமதக் கட்டணம். ஆயிரம் ரூபாய்த் தவணைக்கு ஒரு மாதத் தாமதம் என்றால் பத்து ரூபாய். சின்னத் தொகைதான். இதற்குப் பயந்து அஞ்சலகப் பக்கமே போகாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். நிலுவையையும் கட்டணத்தையும் முதலில் வாங்கிக்கொண்டு அதன் பிறகே நடப்பு மாதத் தவணையை வரவு வைப்பார்கள் என்பதால் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள். நான்கு தவணை தவறினால் கணக்கு நிறுத்தப்படும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நிலுவையைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். அந்த இரண்டு மாதமும் போய்விட்டால் அந்தக் கணக்கில் இனி ஒரு ரூபாயும் கட்ட முடியாது. தவறியது நான்குக்கு மேற்படாமல் இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது: எத்தனை மாதம் தவறியதோ அத்தனை மாதம் முதிர்வைத் தள்ளிப்போட்டு, விட்ட தவணைகளைக் கடைசியில் கட்டலாம். ‘அக்கா, இந்த மாசம் முடியல’ என்று ஏஜென்ட்டிடம் சொல்லும்போதே, எத்தனையாவது முறை சொல்கிறோம் என்ற எண்ணிக்கை மனதில் இருக்கட்டும்.

வருடத்தில் ஒரே ஒரு முறை பெரிய பணம் பார்க்கிறவர்களுக்கு முன்பணம் கட்டும் வசதி மிகப் பொருத்தம். பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைக்குப் போய்ப் பணம் வந்ததும், புளி விற்ற கையோடு, பட்டுக்கூடு நல்ல விலைக்குப் போன வாரத்தில், ஆறு மாதத்துக்கோ பன்னிரண்டு மாதத்துக்கோ சேர்த்துக் கட்டிவிடலாம். நூறு ரூபாய்த் தவணைக்கு ஆறு மாத முன்பணத்தில் 10 ரூபாய் தள்ளுபடி, பன்னிரண்டு மாதத்துக்கு 40 ரூபாய். ஆயிரம் ரூபாய்த் தவணைக்காரர் 12,000 கட்ட வேண்டிய இடத்தில் 11,600 கட்டினால் போதும். அடுத்த சீசன் வரை கவலையில்லை. ஆறு மாதத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்: இரண்டு முறை ஆறு ஆறாகக் கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு 20 ரூபாய்தான் குறையும். முடிந்தால் ஒரே மூச்சில் பன்னிரண்டு.

ஏஜென்ட் மூலம் கட்டுவதா, நேரில் கட்டுவதா? வீடு தேடி வந்து வாங்கிப் போகும் மகளிர் முகவர்களால்தான் இந்தத் திட்டம் தெருத் தெருவாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குரிய கமிஷனை அரசு தருகிறது. நாம் தனியாக ஒன்றும் தர வேண்டியதில்லை. முகவரிடம் பணம் கொடுத்ததும் அவர் தரும் அட்டையில் தொகையும் தேதியும் கையெழுத்தும் வாங்க வேண்டும். ஆனால் அட்டை வேறு, பாஸ்புக் வேறு. அட்டையில் இருப்பது முகவர் வாங்கியதற்குச் சாட்சி. அஞ்சலகத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி பாஸ்புக் பதிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைக் கையில் வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையில் 5ஆம் தேதி என்றிருந்து பாஸ்புக்கில் அடுத்த மாதத் தேதி இருந்தால், அல்லது தாமதக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், அன்றே கேளுங்கள். பாஸ்புக்கை வருடக்கணக்கில் முகவரிடமே விட்டுவைப்பது எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் சரியில்லை. முகவர் ஊரில் இல்லாத மாதத்தில் நாமே கவுன்டரில் கட்டலாம்.

கைப்பேசியில் கட்ட விரும்புகிறவர்களுக்கு இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு வேண்டும். அதன் செயலியில் ஆர்.டி. கணக்கு எண்ணையும் பாஸ்புக் முதல் பக்கத்தில் உள்ள வாடிக்கையாளர் எண்ணையும் கொடுத்து, எத்தனை தவணை என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கிளை அஞ்சலகம் நாளுக்கு நான்கைந்து மணி நேரம்தான் திறந்திருக்கும். அஞ்செட்டி, தளி மாதிரி இடங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது. அவர்களுக்குச் செயலி பெரிய உதவி. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளவும் எழுதிக் கொடுக்கலாம்.

அவசரத்துக்கு உடைப்பதற்கு முன் கடன் வசதியை யோசியுங்கள். பன்னிரண்டு தவணை தவறாமல் கட்டி ஒரு வருடம் ஆகிவிட்டால் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும். வட்டி, ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம், அதாவது இப்போதைய விகிதத்தில் 8.7. தண்டலுக்கும் வார வட்டிக்கும் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. திருப்பிக் கட்டாவிட்டால் முதிர்வுத் தொகையில் கழித்துக்கொள்வார்கள்.

நகைச் சீட்டோடு ஒப்பிட்டால்? நகைக் கடைத் திட்டங்கள் பெரும்பாலும் பதினோரு மாதத்தில் முடியும். 365 நாளைத் தாண்டினால் அது வைப்புத்தொகைச் சட்டத்துக்குள் வந்துவிடும் என்பது காரணம். நகைதான் குறி என்றால் அது சரி. பணமாகத் திரும்ப வராது. மகளிர் சுய உதவிக் குழுச் சேமிப்பை இதற்குப் போட்டியாகப் பார்க்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் அந்த இயக்கம் 1989இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி பிரியாதிருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். குழுவில் கூட வருகிறவர்கள் நம்மை இழுத்துப் பிடிப்பார்கள், உள்கடன் உடனே கிடைக்கும். ஆர்.டி.யில் அந்தத் துணை கிடையாது. பணம் நம் பெயரில் தனியாக நிற்கும். குழுவில் சேமித்துப் பழகிய பெண்கள் ஆர்.டி.யிலும் நின்று முடிக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது.

ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் பணம் தேவை என்றால் மட்டும் இங்கே வராதீர்கள். அதற்கு வங்கியில் அந்தக் காலத்துக்கே ஆர்.டி. தொடங்குவது சரி. வருமான வரியில் சில சேமிப்புகளுக்குக் கிடைக்கும் 80சி கழிவும் இதற்குக் கிடையாது. வட்டிக்கு வரி உண்டு.

படிப்புச் செலவுக்கு இதை ஏணி மாதிரி அடுக்கலாம். பிள்ளை ஏழாம் வகுப்பு சேரும் ஜூனில் 500 ரூபாயில் ஒரு கணக்கு, அடுத்த ஜூனில் இன்னொன்று, அதற்கடுத்த ஜூனில் மூன்றாவது, பிறகு நான்காவது. மாதச் சுமை 500, 1,000, 1,500, 2,000 என்று மெல்லத்தான் ஏறும். முதல் புத்தகம் பன்னிரண்டாம் வகுப்பு ஜூனில் 35,683 ரூபாயாக முதிரும். இரண்டாவது கல்லூரியில் காலெடுத்து வைக்கும்போது, அடுத்தடுத்தவை ஒவ்வொரு வருடக் கட்டணத்துக்கும். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் விடுதி, சாப்பாடு, புத்தகம் என்று ஜூன், ஜூலையில் கேட்கும் பணம் ஒரே நேரத்தில்தான் கேட்கும். பின்னால் தொடங்கும் கணக்குகளுக்கு அந்தந்த நாளின் வட்டி என்பதால் தொகை கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

தொடங்க ஆதார், பான், புகைப்படம், வாரிசு விவரம் போதும். பெயர் ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் முன்னும் பின்னுமாக இருந்தால் சிக்கல் வருவது முடிக்கும்போதுதான். 20,000 ரூபாய்க்கு மேல் முதிர்வுத் தொகையை ரொக்கமாகத் தர மாட்டார்கள், கணக்கில்தான் வரவு வைப்பார்கள். அதனால் ஐம்பத்தெட்டாவது தவணை கட்டப் போகிற அன்றைக்கே, இல்லாதவர்கள் 500 ரூபாய் கட்டி அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு ஒன்றும் தொடங்கிவிட்டு வாருங்கள்.