"நல்ல வீடு பார்த்துத் தருகிறேன்" என்றவரிடம் எங்கள் சிப்பிப்பாறைப் பெட்டையைக் கொடுத்து ஏமாந்தோம்

சென்ற ஆடி மாதம், எங்கள் வீட்டில் வளர்ந்த ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை இனப் பெட்டை நாயான வள்ளியை, வளர்க்க முடியாத நாய்களுக்கு வீடு பார்த்துத் தருபவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட ஒருவரிடம் நம்பி ஒப்படைத்தோம். வாகனச் செலவு, வீட்டைப் பார்வையிடும் செலவு என்று எங்களிடமே 4,500 ரூபாய் வாங்கிக்கொண்ட அவர், ஆறாவது நாள் அவளை 14,000 ரூபாய்க்கு விற்றுவிட்டார். பன்னிரண்டாவது நாள் அவளை மீட்டுவிட்டோம் என்பதால் இதை எழுதும் நிதானம் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு, எங்களுக்குக் காட்டிய அதே தோட்டப் படங்களுடன் வேறு வாட்ஸப் குழுக்களில் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

வள்ளியை நாங்கள் ஏன் கொடுக்க நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு அருகே நாகமலை புதுக்கோட்டையில், சுற்றுச்சுவரும் நான்கு தென்னைகளும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானபின், கணவரின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சென்னை வேளச்சேரியில் மூன்றாம் மாடிக் குடியிருப்புக்கு வந்தோம். சிப்பிப்பாறை மோப்பத்தை நம்பி அலையும் நாய் அல்ல, பார்வையை நம்பி ஓடும் நாய். ஒரு பொட்டல் காட்டில் இரண்டு நிமிடம் மூச்சிரைக்க ஓடிவிட்டால் நாளெல்லாம் சுருண்டு தூங்கும். அதற்கு ஓட இடமும், ஓடாத நேரத்தில் அமைதியும் வேண்டும். வேளச்சேரியில் இரண்டுமே இல்லை. லிப்ட்டின் கதவு மூடும் சத்தத்துக்கே தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்வாள். தெருவில் ஒரு சாவு ஊர்வலத்தில் வெடி வைத்த அன்று குளியலறைக்குள் போய் வாளிக்குப் பின்னால் நின்றவள், மறுநாள் மாலைவரை வெளியே வரவும் இல்லை, சிறுநீர் கழிக்கவும் இல்லை. அதட்டிச் சொன்னால் இரண்டு வேளை சோறு தொடாத சுபாவம் அவளுக்கு. இந்த இனத்துக்கு விலா எலும்பு நாலைந்து தெரிவதுதான் இயல்பு என்பது தெரியாமல், நாங்கள் அவளைப் பட்டினி போடுகிறோம் என்று குடியிருப்போர் சங்கத்தில் யாரோ புகார் வேறு கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அவள் இரண்டு கிலோ இளைத்தபோதுதான், இவளுக்கு வேறு வீடு தேடுவதே நியாயம் என்று அழுதுகொண்டே முடிவெடுத்தோம்.

அந்த மனிதர் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாய் வளர்ப்போர் குழுவில். "அக்கா, நீங்க கவலையே படாதீங்க, மதுராந்தகம் பக்கம் நமக்குத் தெரிஞ்சவங்க தோட்டம் இருக்கு, ஆறடிச் சுவர், ஏற்கெனவே நாய் வளர்த்தவங்க" என்று தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார். காகிதப்பூக் கொடி படர்ந்த சுவர், கிணறு, திண்ணை என்று நான்கு படங்கள் அனுப்பினார். அவர் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. ஓட்டம் எப்படி, இதுவரை எதையாவது துரத்திப் பிடித்திருக்கிறாளா, கருத்தடை செய்தாகிவிட்டதா, பருவத்துக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது, தாய் தகப்பன் எந்த ஊர் வம்சம் என்றெல்லாம் கேட்டார். இவ்வளவு விவரமாகக் கேட்கிறாரே, எவ்வளவு அக்கறை என்று நானும் கணவரும் பேசிக்கொண்டோம். அவள் எதற்குப் பயப்படுவாள், எங்கே படுப்பாள், யாரிடம் ஒட்டிக்கொள்வாள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவை அத்தனையும் ஒரு வியாபாரி தன் சரக்கைப் பற்றிக் கேட்கும் கேள்விகள். கருத்தடை இன்னும் செய்யவில்லை என்று நான் சொன்னபோது, "அதெல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க" என்று அவர் உடனே சொன்னது இன்றைக்கும் காதில் ஒலிக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற நாட்டு இனங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி இருக்கிறது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த இனங்களின் பெயர்களைச் சொன்னபோது, நம் நாய்களைப் பற்றிப் பேசுகிறார்களே என்று எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்தோம். கருத்தடை செய்யாத, நல்ல ஓட்டமுள்ள ஓர் இளம் பெட்டையை இலவசமாகத் தருகிறேன் என்று அறிவிப்பது, கையில் பணத்தை வைத்துக்கொண்டு தெருவில் நிற்பதற்குச் சமம் என்பது மட்டும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அந்தத் தோட்டத்தை நாங்களே வந்து பார்க்கிறோம் என்று இரண்டு முறை கேட்டோம். முதல் முறை வீட்டில் விசேஷம் என்றார். இரண்டாம் முறை, பழைய உரிமையாளரை மறுபடி பார்த்தால் நாய் ஏங்கிப்போகும், முதல் ஒரு மாதம் நீங்கள் வராமல் இருப்பதே அதற்கு நல்லது என்றார். எங்கள் குற்றவுணர்ச்சிக்கு அந்தச் சொல் மருந்துபோல் இருந்ததால் நம்பிவிட்டோம். ஒப்படைக்கும் இடமாக அவர் சொன்னது செங்கல்பட்டுக்கு அருகே பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிய ஒரு டீக்கடை. பயணத்தில் வாந்தி வராமல் இருக்க என்று, எங்கள் எதிரிலேயே சோற்று உருண்டைக்குள் ஒரு மாத்திரையை வைத்துக் கொடுத்தார். வேனில் ஏற்றும்போது வள்ளி காரின் ரப்பர் விரிப்பில் நகங்களை ஊன்றிக்கொண்டாள். அவளைத் தூக்கியபோது அந்த விரிப்பும் சேர்ந்தே எழுந்து வந்தது. நான்தான் ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். அவளுடைய தடுப்பூசிப் புத்தகத்தையும், அவள் படுக்கும் பழைய சுங்குடிப் புடவையையும் கையில் கொடுத்தோம். எழுதி வாங்கிக்கொண்டது எதுவும் இல்லை.

முதல் மூன்று நாளில் இரண்டு படங்கள் வந்தன. நான்காம் நாளிலிருந்து சிக்னல் இல்லை என்ற பதில் மட்டுமே. எட்டாம் நாள், அதே குழுவில் இருந்த ஒரு பெண்மணி என்னைத் தனியாக அழைத்து, தமது லாப்ரடாரைக் கொடுத்தபோதும் இதே காகிதப்பூச் சுவர்ப் படம்தான் தமக்கு வந்தது என்றார், அவருக்கு அந்த வீடு திருவள்ளூரில் இருப்பதாகச் சொல்லப்பட்டதாம். அன்று இரவு முழுவதும் விற்பனைப் பதிவுகளைத் தேடினோம். விடியற்காலையில் என் கணவர் கண்டுபிடித்தார்: "சிப்பிப்பாறை பெட்டை, செவலை, நல்ல வேகம், குட்டி எடுக்க ஏற்றது, 15,000." படத்தில், வள்ளிக்கு இருப்பதுபோலவே, பின்னங்கால் ஒன்றின் நடுவிரல் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுங்குடிப் புடவை அவள் கழுத்தில் கயிறுபோல் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

வாங்குபவர்கள்போலப் பேசி, அவள் ஏற்கெனவே விற்கப்பட்ட இடத்தை நான்கு நாட்களில் தெரிந்துகொண்டோம். விருத்தாசலம் பக்கத்தில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு கிராமம் அது. வாங்கியவர் வயதானவர், கெட்டவர் அல்லர். குட்டி எடுக்கவும், தோப்பில் முயல் விரட்டவும் வாங்கியதாக மறைக்காமல் சொன்னார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம் என்று சொன்னபோது, ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்றார். தாம் கொடுத்த 14,000 ரூபாயைத் தந்தால் நாயை விட்டுவிடுவதாக அவர் சொல்ல, கொடுத்துவிட்டோம். இரண்டடிச் சங்கிலியில் வேப்பமரத்தடியில் கட்டப்பட்டிருந்த வள்ளி எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, வாலை மட்டும் மண்ணில் ஒருமுறை அசைத்தாள். விலாப்புறத்தில் முள்வேலி கிழித்த காயம் ஒரு சாண் நீளத்துக்குத் திறந்திருந்தது. இந்த இனத்துக்குத் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் இல்லை, மற்ற நாய்களுக்குச் சிராய்ப்பாகப் போவது இவற்றுக்குத் தையல் போடும் காயமாகிவிடும்.

தையல் போட்ட கால்நடை மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டது அந்த மாத்திரைக்காகத்தான். உடலில் கொழுப்பு குறைந்த இத்தகைய ஓட்ட நாய்களில் தயோபென்டால் போன்ற சில மயக்க மருந்துகளின் பிடி விலக மற்ற நாய்களைவிட அதிக நேரம் ஆகும் என்றும், பெயர் தெரியாத எந்த மாத்திரையையும் எவர் கொடுத்தாலும் அனுமதிக்கக் கூடாது என்றும் விளக்கினார். வேனில் அவள் எத்தனை மணி நேரம் நினைவில்லாமல் கிடந்தாளோ, அதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

காவல் நிலையத்தில் முதலில் கிடைத்த பதில், நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் தாள் ஏதும் இல்லை. தடுப்பூசிப் புத்தகத்தின் மூலப்பிரதியும் அந்த மனிதரிடமே போய்விட்டது, அதன் முதல் பக்கத்தை நான் தற்செயலாகப் படம் எடுத்து வைத்திருந்ததுதான் அவள் எங்கள் நாய் என்பதற்கு ஒரே சான்று. மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அந்தப் பதினைந்து இலக்க எண்ணே பேசியிருக்கும். வழக்கறிஞரான என் தம்பி, மோசடிக்கான பழைய 420-க்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதித் தந்தபின், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். கைப்பேசி வழியாக அனுப்பிய 4,500 ரூபாய்க்கு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தனியாகப் புகார் பதிந்திருக்கிறோம். அந்த மனிதரிடம் நாய் கொடுத்து ஏமாந்தவர்கள் இதைப் படித்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் அவர் அனுப்பிய குரல்பதிவுகளையும் அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். ஒரே மனிதர்மீது நாலைந்து மனுக்கள் சேர்ந்தால், நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்று எல்லாரையும் திருப்பி அனுப்ப முடியாது.

இப்படிப்பட்ட நாயை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, அது வாழப்போகும் வீட்டின் வாசலைத் தவிர வேறெங்கும், சுங்கச்சாவடியிலோ பேருந்து நிலையத்திலோ, அதன் கயிற்றைக் கைமாற்றாதீர்கள் என்பதே. இடையில் ஒருவர் இருந்தால் இருக்கட்டும், ஆனால் வீட்டுக்காரரோடு நேரில் பேசாமல் நாய் நகரக் கூடாது. கருத்தடை செய்துவிட்டு அனுப்புங்கள். குட்டிக்காக அலைபவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டதும் தாமாகவே விலகிவிடுவதை நாங்கள் இரண்டாம் முறை தேடியபோது கண்ணாரக் கண்டோம், பதினோரு பேர் அழைத்ததில் எட்டுப் பேர் அதன்பிறகு பேசவே இல்லை.

மிச்சமிருந்த மூவரில் ஒருவர் அச்சிறுப்பாக்கத்துக்கு அருகில் இருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர். அவர் வீட்டில் பதினோரு வயதுக் கடுவன் சிப்பிப்பாறை ஒன்று இருந்தது. மூன்று வார இடைவெளியில் மூன்று முறை வள்ளியை அங்கே அழைத்துப் போனோம். முதல் முறை அவள் காரைவிட்டு இறங்கவே இல்லை, அவரும் கூப்பிடவில்லை, எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுத் திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை அவளாகவே, கிழவனான அந்தக் கடுவனை முகர்ந்து பார்த்தாள். சுவரின் உயரத்தை அளந்துபார்க்க நான் நாடா கொண்டுபோயிருந்தேன், அவரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இந்த நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை குறுகல் என்பதால், பயத்தில் பின்னுக்கு இழுத்தால் சாதாரணப் பட்டை கழன்றுவிடும் என்பதும், கழன்ற பின் ஒரு பூனையைக் கண்டால் கூப்பிட்ட குரல் அவற்றின் காதில் விழாது என்பதும் அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. இழுத்தால் இறுகும் அகலப் பட்டை ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். மூன்றாம் முறை, அவள் எந்தச் சத்தத்துக்கு நடுங்குவாள், தனியாகப் படுப்பாளா, யாராவது பக்கத்தில் வேண்டுமா, சாப்பிடும்போது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடுவாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பழைய நாட்குறிப்பு ஒன்றில் எழுதிக்கொண்டார். இரண்டு தாள்களில் எழுதிக் கையெழுத்திட்டோம்: இரண்டு வாரம் சோதனைக் காலம், அவரால் முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், விற்கவோ வேட்டைக்குப் பயன்படுத்தவோ கூடாது. நாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.

விட்டுவிட்டு வந்த அன்று இரவு பத்து மணிக்கு அவர் அழைத்தார். "சாப்பிட்டுட்டாம்மா. கிழவன் பக்கத்துலதான் படுத்திருக்கா. ஃபேன் காத்து காதுல படும்போதெல்லாம் முழிச்சுக்கிறா, அதான் வேகத்தைக் குறைச்சு வெச்சிருக்கேன்" என்றார்.