டைட்டானியம் இம்பிளாண்ட்: மில்லிங்கா, ஒயர்கட்டா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே கடற்கரை மணலில் டைட்டானியத் தாது அள்ளுகிறார்கள். உடலுக்குள் பொருத்தும் இம்பிளாண்ட் செய்ய எங்கள் பட்டறைக்கு வரும் டைட்டானியக் கம்பியோ கப்பலில் வருகிறது! 6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்தது, விலையும் அதிகம். வெட்டுவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும்.

சுழலும் கட்டரால் செதுக்கும் மில்லிங்கில் வேகம் உண்டு. எலும்புத் தகடு போன்ற எளிய வடிவத்துக்கு அதுவே போதும். தொல்லை என்னவென்றால், இந்த உலோகம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. வெப்பமெல்லாம் கட்டர் நுனியிலேயே தங்கி, கட்டர் சீக்கிரம் மழுங்கிவிடும். மெல்லிய சுவர் அழுத்தத்தில் வளைந்தும் கொடுக்கும்.

ஒயர்கட் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 0.25 மி.மீ. பித்தளைக் கம்பியிலிருந்து மின்பொறி பறந்து, துளித்துளியாக உருக்கி எடுக்கிறது. குறுகிய பிளவெல்லாம் அதற்கு அல்வா. ஆனால் மெதுவோ மெதுவு. லோட் ஷெடிங் நாட்களில் பாதி வெட்டில் கரண்ட் போய், துண்டில் கோடு விழுந்த கதையை என் தம்பியிடம் கேட்காதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் மேற்பரப்பு. உருகிய உலோகம் மறுபடி உறைந்து மெல்லிய தோலாகப் படிகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும், பித்தளையின் செம்பும் துத்தநாகமும் ஒட்டியிருக்கும். நடக்கும் ஒவ்வொரு அடியிலும் பாரம் ஏறும் செயற்கை இடுப்பு மூட்டின் தண்டில் அந்த விரிசல் வளரும். அதனால் அந்தத் தோலை எடுக்க மென்மையான மின்பொறியில் இன்னும் இரண்டு மூன்று ஓட்டம், அப்புறம் அமிலக் குளியல்.

என்னைக் கேட்டால், தண்டுக்கு மில்லிங். 3டி அச்சில் செய்த துண்டை அடித்தட்டிலிருந்து அறுத்தெடுக்க ஒயர்கட்.