ராமநாதபுரம் கரைக்குச் சிப்பிக் காளான் கிட் தேறுமா?

ஆன்லைனில் விற்கிற சிப்பிக் காளான் கிட், கார்த்திகையிலிருந்து தை வரை இந்தக் கரையில் ஓரளவு தேறும். மற்ற மாதங்களில் மண்டபத்துக்கோ தொண்டிக்கோ வரவழைப்பது காசைக் கடலில் போடுகிற வேலை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும்.

பெட்டிக்குள் இருப்பது, பூசண இழை ஏற்கெனவே வெள்ளையாகப் படர்ந்த ஒரு பை, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஒரு செய்முறைத் தாள். பையைக் கீறி தினமும் இரண்டு வேளை தெளித்தால் பத்து நாளில் காளான் என்று தாள் சொல்லும். 25 டிகிரி அறையை நினைத்து எழுதியது அது. சிப்பிக்கு 20 முதல் 28 டிகிரி வரை வெப்பம், 80 சதவீதத்துக்கு மேல் காற்றில் ஈரம் வேண்டும். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஈரத்துக்கு என்ன குறை என்று நினைத்துவிடக் கூடாது. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற ஆனி, ஆடி மதியங்களில் குண்டூசித் தலை அளவு மொட்டுகள் ஒரே நாளில் பழுப்பாகிக் காய்ந்து, விரல் பட்டால் உதிரும். கூரியர் வண்டியின் சூட்டில் கிடந்து வந்த பை என்றால் அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருக்கும், புளித்த வாடை வரும். பிரித்ததும் படம் எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெளித்துத்தான் பார்ப்போமே என்று வைத்திருந்தால் பச்சைப் பூசணம்தான் மிஞ்சும்.

எந்தத் தண்ணீரைத் தெளிப்பது என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. நம் ஊருக்கு அதுதான் முதல் கேள்வி. உப்புக் கரிக்கிற போர் தண்ணீரைத் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மொட்டின் மேல் தங்கும், மொட்டு மஞ்சளித்து நின்றுவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்துவைத்துக் குளோரின் வாடை போனபின் தெளிக்கலாம். கேன் தண்ணீரும் ஆகும்.

வெயில் காலத்துக்குப் பால் காளான்தான். அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 1 ரகம் 30 முதல் 35 டிகிரியில் செழித்து வரும், நம் பக்கத்து வெயிலுக்கென்றே செய்தது போல. ஒரு கிட்டின் விலைக்கு மூன்று நான்கு விதைப் பொட்டலம் (தானியத்தில் காளான் பூசணத்தை வளர்த்தது) வாங்கலாம். விதை வெள்ளையாக, தானியத்தைச் சுற்றிப் பஞ்சு போலப் படர்ந்திருக்க வேண்டும். பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தால் வாங்காதீர்கள். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விதையும் பயிற்சியும் எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வைக்கோல் திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்தில் அந்த வருஷம் அறுத்ததாக, மழையில் நனையாததாகப் பார்த்து வாங்குங்கள். 3 முதல் 5 செ.மீ. துண்டாக நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் சுத்தமான விரிப்பில் ஆற்றவும். ஒரு பிடி பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். ஈரம் கூடினால் மெலிந்த காம்போடு சாம்பல் நிறக் குடைகள் முளைத்து, மறுநாளே மை போல உருகி வழியும். 60க்கு 30 செ.மீ. பையில் ஐந்து அடுக்கு வைக்கோல், நடுவே நாலு அடுக்கு விதை. 300 கிராம் பொட்டலம் இரண்டு பைக்குச் சரி.

பதினைந்து நாளில் பை முழுக்க வெளுத்ததும் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே 2 செ.மீ. மண் போட வேண்டும். கண்மாய்க் கரம்பை மண்ணை மட்டும் போட்டால் இறுகிப் பாளமாகும். சரிபாதி ஆற்றுமணல் கலந்து, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் சேர்த்து, ஒரு மணி நேரம் ஆவியில் அவித்து ஆறவிடுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பில் மொட்டே வராது. மண் போட்டு எட்டுப் பத்து நாளில் மொட்டு, பை போட்டதிலிருந்து நாலைந்து வாரத்தில் முதல் அறுவடை. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். ஈ புகாத நைலான் வலை கட்டாயம். பறித்த பால் காளான் ஃபிரிட்ஜ் இல்லாமல் மூன்று நாள் தாங்கும், சிப்பி மறுநாளே துவண்டுவிடும். பால் காளானுக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது அந்த மண் வேலைக்காக.

மழை விட்டதும் சாலையோரம் கூறு கட்டி விற்கிற புற்றுக் காளானின் ருசி வீட்டில் வளர்த்ததற்கு வராது, அதை மறுப்பதற்கில்லை. கறையான் புற்றுக்குள் வளர்க்கிற பூசணம் அது, நாம் பையில் வளர்க்க வராது. காம்பு வேர் போல நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்கும். அடிக்காம்பை வெட்டிவிட்டுக் குடையை மட்டும் வைத்திருந்தால் வாங்க வேண்டாம். புல்வெளியில் வரும், வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில் உள்ள நச்சுக் காளானும் அந்தக் கூறில் கலந்துவிடும். குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ராத்திரி விட்டால் நச்சுக் காளான் பச்சைத் தூள் உதிர்க்கும், புற்றுக் காளான் இளஞ்சிவப்பாக உதிர்க்கும். பச்சை விழுந்தால் தூர எறியுங்கள். பச்சை விழவில்லை என்பதற்காக மட்டும் சமைத்துவிடவும் கூடாது, எந்தப் புற்றில் எடுத்தது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்ற சோதனைகளை நம்பாதீர்கள். வேகவைத்தால் நஞ்சு போகும் என்பதும் பொய். சமைக்கும் முன் ஒரு முழுக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவையுங்கள். வாந்தி, பேதி வந்தால் ஆஸ்பத்திரிக்கு அதையும் கொண்டுபோக வேண்டும்.