கரகர சத்தம்கூடப் பரவாயில்லை: வால்யூம் கன்ட்ரோலோடு சில வருடங்கள்

ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் கன்ட்ரோலை மாற்றினேன் என்று கேள்விப்பட்டு, "எந்த மாதிரி பொட்டென்ஷியோமீட்டர் வாங்கலாம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். குமிழைத் திருப்பினால் மின்தடை மாறும் பாகம் அது; வால்யூம் கன்ட்ரோல் என்பதும் அதுதான். ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இவ்வளவு நீளம்.

கார்பன் டிராக் கன்ட்ரோலைக் குறை சொல்பவர்கள் முதலில் கரகர சத்தத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அது பெரிய விஷயமில்லை. டிராக் எனும் கார்பன் பூச்சின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே ஓடுகிறது. தூசி சேரும், பூச்சு தேயும், சத்தம் வரத்தான் செய்யும். காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, குமிழை முழு வீச்சுக்கு முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். புதிதாகப் போட்டதும் கரகரத்தால் கன்ட்ரோலைத் திட்டாதீர்கள். முன்னால் இருக்கும் கப்பாசிட்டர் கசிந்து டிசி (நேர் மின்னோட்டம்) உள்ளே வருகிறதா என்று பாருங்கள்.

என் கோபம் வேறு. ஸ்டீரியோவுக்கு ஒரே ஷாஃப்டில் இரண்டு டிராக் இருக்கும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டும் தனித்தனியாக அச்சிட்டவை, ஒன்றுபோல் இருக்காது. குமிழ் நடுவில் இருக்கும்போது இது தெரியவே தெரியாது. 10 கிலோ ஓம் லாக் கன்ட்ரோலில் (முதலில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் மதிப்பு ஏறும் வகை) அந்த இடத்தில் சுமார் 1500 ஓம் இருக்கும் என்று வையுங்கள். அதில் 40 ஓம் வித்தியாசம் ஒரு பொருட்டா? இரவில் சத்தத்தை நன்றாகக் குறைத்து, 100 ஓம் பக்கம் வரும்போதுதான் வினை. அங்கே அதே 40 ஓம் என்றால் ஒரு பக்கம் 100, மறுபக்கம் 140. கிட்டத்தட்ட 3 டெசிபல். பாடகர் நடுவிலிருந்து எழுந்து ஒரு ஸ்பீக்கர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். பேலன்ஸ் குமிழால் சரிசெய்யலாமே என்பீர்கள். சரிசெய்யலாம், வால்யூமை மறுபடி தொடும் வரை. குமிழ் நகர நகர வித்தியாசமும் மாறுகிறதே! பழையதில் இடது பக்கம் ஓங்கியிருந்தது, புதியதில் வலது. இதற்குத்தான் சோல்டரிங் அயர்னைச் சூடாக்கினேனா?

லாக், லீனியர் சமாசாரம் பலருக்கும் தெரிந்ததுதான். லீனியரில் திருப்பும் அளவுக்கு ஏற்ப மதிப்பு சீராக ஏறும். வால்யூமுக்கு லீனியர் போட்டால் முதல் கால் திருப்பிலேயே வீடு அதிரும், அப்புறம் திருப்ப ஒன்றும் மிச்சமிருக்காது. இப்போது வருபவற்றில் மேலே அச்சிட்ட எழுத்து பெரும்பாலும் 'ஏ' என்றால் லாக், 'பி' என்றால் லீனியர். பழைய ஐரோப்பிய பாகங்களில் 'ஏ' லீனியராக இருக்கும். எழுத்தை நம்பாமல் நடுவில் நிறுத்தி மீட்டரில் பாருங்கள். பாதி மதிப்பு காட்டினால் லீனியர்.

நான் எதிர்பார்க்காமல் மயங்கியது பத்துச் சுற்று வயர்வவுண்ட், அதாவது கார்பன் பூச்சுக்குப் பதில் கம்பி சுற்றிய பொட்டென்ஷியோமீட்டர். மேசையில் இருக்கும் பவர் சப்ளையில் வோல்டேஜ் மாற்ற ஒன்று போட்டிருக்கிறேன். சாதாரணமானது முக்கால் சுற்று திரும்பும். இது 3600 டிகிரி. 5 வோல்ட் வேண்டுமென்றால் 5.00 என்று கொண்டுபோய் நிறுத்தலாம், கையை எடுத்தாலும் அசையாது. வயர்வவுண்டில் நாக்கு ஒரு சுற்றுக் கம்பியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் என்பது உண்மை. ஆனால் இவ்வளவு நீளக் கம்பியில் அந்தத் தாவல் என் மீட்டருக்கு எட்டவில்லை. 5-லிருந்து 24-க்குப் போக வேண்டிய நாளில் மட்டும் விரல் நொந்து, இதைக் கண்டுபிடித்தவரை நினைத்துக்கொள்வேன்.

ப்ரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருகும் சின்ன பொட்டென்ஷியோமீட்டர்) பற்றி ஒன்றே ஒன்று: அது ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டிய பொருள். பல வகைகளுக்கு 200 சுழற்சி வரைதான் ஆயுள் போட்டிருப்பார்கள். குமிழுக்குப் பதிலாக அதைப் போட்டுத் தினமும் ஸ்க்ரூடிரைவரால் திருகுபவர்களை என்ன சொல்வது?

சரி, தீர்ப்பு. கார்பன் கன்ட்ரோல் மலிவு, எங்கும் கிடைக்கும், மாற்றுவது சுலபம், ஒரேயடியாகச் செத்து என்னை நட்டாற்றில் விட்டதில்லை. ஆனாலும் ஸ்டீரியோ வால்யூமுக்கு ஐந்துக்கு ஒன்றுதான் கொடுப்பேன், அதுவும் இன்று நல்ல மனநிலையில் இருப்பதால். குறைந்த சத்தத்தில் கேட்கும் பழக்கம் இருந்தால், மதிப்பு 1 சதவீதத்துக்கு மேல் பிசகாத ரெசிஸ்டர்களைக் கோத்த ஸ்டெப் சுவிட்ச் வாங்குங்கள். டக் டக்கென்று படிப்படியாகத்தான் ஏறும், நமக்கு வேண்டிய அளவு எப்போதும் இரண்டு படிக்கு நடுவில்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், பாடகர் நடுவில் இருப்பார்.