பெரியப்பாவின் கால் புண்ணும் ஆறு வார லீவும்

ஆறு வாரம் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் களியக்காவிளையில் இருந்துவிட்டு மெல்பர்ன் திரும்பியிருக்கிறேன். இந்தத் தடவை லீவில் பாதி ஆஸ்பத்திரியில்தான் போனது.

பெரியப்பாவுக்குப் பத்து வயதில் கொதிக்கிற அக்கானி (பதநீர்) கொட்டி, இடது கணுக்காலுக்கு மேலே பெரிய தழும்பு. போன வருடம் அந்தத் தழும்பிலேயே ஒரு புண். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் 14 மாதமாகக் கட்டுப் போட்டு, களிம்பும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். "சுகர் புண்ணு மக்கா, மெதுவா ஆறும்" என்றார் பெரியப்பா. கட்டை அவிழ்த்தால் நாற்றம். ஓரமெல்லாம் தடித்து, காலிஃபிளவர் மாதிரி பொங்கி, தொட்டால் ரத்தம். 14 மாதத்தில் ஒருவருக்குக்கூடவா ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை? இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

மறுநாள் விடியுமுன் பஸ் ஏறி, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் ஆர்.சி.சி.க்குப் போனோம். 1981-இல் தொடங்கிய புற்றுநோய் மையம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையைவிட அதுதான் கிட்டே. மொழிச் சிக்கலே இல்லை. எங்கள் தமிழில் பாதி அவர்களுக்குப் புரியும், அவர்கள் பேசுவது எங்களுக்கு முழுக்கப் புரியும். டாக்டர் புண்ணைப் பார்த்த கையோடு தொடையிடுக்கை அழுத்திப் பார்த்தார், நெறி கட்டியிருக்கிறதா என்று. அப்புறம் புண்ணின் ஓரத்தில் நாலைந்து இடத்தில் சதை எடுத்தார்கள். நடுவில் செத்த சதைதான் இருக்குமாம், அதை மட்டும் எடுத்தால் நோய் தப்பிவிடலாம்.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. பழைய தீக்காயத் தழும்பில், ஆறாத புண்ணில், பல பத்தாண்டு கழித்து வருகிற இந்த வகைக்கு மார்ஜொலின் புண் என்று பெயர். 1828-இல் தழும்புப் புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. நல்லவேளை, எலும்புக்குப் போகவில்லை. போயிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம். சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள்.

தோல் புற்றுநோய் என்றாலே வெயில், வெள்ளைக்காரர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மெல்பர்னில் அப்படித்தான் காதில் விழும். தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் நம் நிறத்தவருக்கு அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில்தான் வந்தது. 36 வயதில் போய்விட்டார். அன்று ராத்திரியே அம்மாவின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

தையல் பிரித்தாகிவிட்டது. நெறி கட்டுகிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த செக்கப் தேதியைப் பெரியம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். தம்பி கூட்டிப் போவான்.