எட்டு வருஷமாக .22: வேகமான தோட்டாவை ஏன் விட்டேன்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் துப்பாக்கிப் பையை இறக்கி வைத்தால் போதும், பெரியப்பா கேட்டுவிடுவார்: "ஏப்பா, இதுல மான் விழுமா?" காட்டோரம் நாட்டுத் துப்பாக்கிகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வேன்: "1972லயே சட்டம் வந்துடுச்சு பெரியப்பா. மான் மேல கை வைக்கக் கூடாது. இது அட்டையில சுடறதுக்கு."

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் .22 (குழலின் துளை சுமார் 0.22 அங்குலம், சின்னத் தோட்டா) மானுக்கு ஆகவே ஆகாது. என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே முறைப்படி லைசென்ஸ் எடுத்து, சீசனில் மான் வேட்டைக்குப் போவான். அவன் கையில் இருப்பது .308. 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு, ஏறக்குறைய 10 கிராம்) குண்டு, குழல் வாயில் சுமார் 3500 ஜூல் ஆற்றல். என் .22 லாங் ரைஃபிளில் 40 கிரெய்ன் ஈயக் குண்டு, ஆற்றல் 140 ஜூல் அளவில்தான். இதை வைத்து மானைச் சுட்டால் அது விழாது. குண்டை உடம்பில் சுமந்துகொண்டு ஓடி, எங்கோ புதருக்குள் கிடந்து துடிக்கும். நினைத்தாலே மனசு கேட்கவில்லை. .308இன் பித்தளைக் கூட்டையே வாய் குறுக்கிச் செய்த .243 என்று ஒன்று 1955இல் வந்தது. தோளில் உதை குறைவு. வேட்டைக்கும் அட்டைக்கும் ஒரே தோட்டா வேண்டும் என்கிற அந்த ஊர்க்காரர்களுக்கு அது பொருத்தம் என்பான் மச்சான். நமக்கு அட்டை மட்டும்தான். அதனால் எந்த .22 தோட்டா என்பதுதான் என் கேள்வி.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, பெட்டியில் வேகம் அதிகமாகப் போட்டிருந்ததை வாங்கியது. விநாடிக்கு 380 மீட்டர். வேகமாகப் போனால் காற்று தள்ள நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆடி மாதம் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி மைதானத்துக்குப் போனபோது அந்தக் கணக்கு உடைந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைச் சொல்லவே வேண்டாம், அட்டை மாட்டிய சட்டமே ஆடும். 50 மீட்டரில் பத்துக் குண்டும் வலது பக்கம் சிதறிப் போய் உட்கார்ந்தன. குறிபார்க்கும் சைட்டைக் கழற்றி மாட்டினேன், துப்பாக்கிக் கட்டையின் திருகாணிகளை இறுக்கினேன். ஒன்றும் மாறவில்லை.

ரேஞ்சில் மூத்த அண்ணன் ஒருவர் தன் பெட்டியிலிருந்து இருபது தோட்டா கொடுத்தார். சாதாரண வேகம், விநாடிக்கு 325 மீட்டர். "முதல் பத்தை எண்ணாதே தம்பி, குழல் பழகட்டும்" என்றார். அடுத்த பத்தையும் ஒரு ரூபாய்க் காசை வைத்து மூடிவிடலாம் போல இருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. குண்டு பறக்கும் நேரத்தை வைத்து மட்டும் காற்று அதைத் தள்ளுவதில்லை, வழியில் அது எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதுதான் முக்கியம். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டை காற்றின் தடை கடுமையாகப் பிடித்து இழுக்கும். அட்டையைத் தொடுவதற்குள் வேகம் மளமளவென்று இறங்கி, ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் குண்டு தள்ளாடவும் செய்யும். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்றில் சாதாரணத் தோட்டா 50 மீட்டரில் 3 செ.மீ. அளவு ஒதுங்கினால், வேகமானது 4 செ.மீ. ஒதுங்கும். 50 மீட்டர் அட்டையில் பத்தாம் வளையமே 10.4 மி.மீ. விட்டம்தான். அங்கே ஒரு செ.மீ. என்பது ஒரு வளையத்துக்கும் மேல்.

அன்றைக்கு விட்டதுதான், வேகத்தோட்டாவை மறுபடி தொடவில்லை.

அப்புறம் வெயில். .22 குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும், கையில் எடுத்தால் பெருவிரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஒரு சித்திரை மாதம் பெட்டியைத் திறந்தபடியே பாயில் வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் மெழுகு இளகி, நம் செம்மண் புழுதி அதில் அப்பிக்கொண்டது. அந்தத் தோட்டாக்களைக் குழலுக்குள் விட மனசு வரவில்லை, மணல் குழலைக் கீறிவிடும். சூடேறிய தோட்டா கொஞ்சம் மேலேயும் அடிக்கும். இப்போது ஈரத்துணி சுற்றிய சின்ன டப்பாவில் பெட்டியை மூடி வைத்து, ஐந்து ஐந்தாகத்தான் வெளியே எடுக்கிறேன்.

இந்தத் தோட்டாவில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 50 மீட்டருக்குச் சரிசெய்த சைட்டோடு 100 மீட்டரில் சுட்டால் ஒரு சாண் கீழே விழும். எப்போதாவது ஒன்று வெடிக்காது. வெடிமருந்துக்குத் தீ வைக்கும் பூச்சு விளிம்புக்குள் இருப்பதால், ஓரிடத்தில் அது சரியாகப் பரவாமல் போனாலும் நமுத்துவிடும். அப்போது குழலை அட்டையை விட்டு அசைக்காமல் அரை நிமிஷம் காத்திருந்துதான் போல்ட்டைத் திறப்பேன்.

வாங்கும்போது நான் பார்ப்பது லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்ணை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், விலையும் அதே. ஆனாலும் லாட் மாறினால் என் துப்பாக்கியில் குரூப் (அட்டையில் குண்டுகள் விழும் பரப்பின் அகலம்) 15 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ.க்குப் போயிருக்கிறது. லைசென்ஸில் ஒரு தடவைக்கு இத்தனை, வருஷத்துக்கு இத்தனை என்று வரம்பு இருப்பதால் பிடித்த லாட்டை அள்ளிக்கொண்டு வரவும் முடியாது. இருக்கிற வரம்புக்குள் ஒரே எண்ணாகக் கேட்டு வாங்குகிறேன்.

இப்போது நல்ல லாட்டில் 400 மீதி இருக்கிறது. போன மாதம் வந்த பெட்டியில் எண் வேறு. அடுத்த ஞாயிறு, காற்று எழும் முன்னே ஆறரை மணிக்கெல்லாம் ரேஞ்சுக்குப் போய் இரண்டிலும் பத்துப் பத்து சுட்டு, வெர்னியர் வைத்து அளந்து பார்க்கப் போகிறேன்.