ரெவாக்ஸ் ஏ77: திறந்து பார்க்கத் தயங்காதவர்களுக்கு

பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டர் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது ரெவாக்ஸ் ஏ77தான். இதைவிட அழகான மிஷின்கள் உண்டு. இதைவிட நன்றாகப் பாடுபவையும் உண்டு. ஆனால் படுத்துவிட்டால் திரும்ப எழுப்பிவிடலாம் என்று நம்பி வாங்கக்கூடியவை ரொம்பக் குறைவு. ஐம்பது வயதைத் தொட்ட ஒரு மிஷினிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பழைய டேப்புகளில் இருப்பதைக் கணினிக்கு மாற்றித் தருவது என் வேலை. அதனால் ஷோகேஸில் வைத்து ரசிக்க எனக்கு மிஷின் வேண்டாம். காலையில் ஆன் செய்தால் சாயங்காலம் வரை ஒரே வேகத்தில் ஓட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் வில்லி ஸ்டூடரின் நிறுவனம் 1967-இல் இதை வெளியிட்டது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஸ்டூடர், வீடுகளுக்கு ரெவாக்ஸ் என்று இரண்டு பெயர்களில் அவர்கள் மிஷின்கள் வந்தன. 1977-இல் அடுத்த மாடலான பி77 வரும்வரை ஏ77 சின்னச் சின்ன மாற்றங்களோடு தொடர்ந்தது. எடை 15 கிலோ அளவில் இருக்கும். மரப்பெட்டியைக் கழற்றினால் உள்ளே வார்ப்பு அலுமினியச் சட்டம். அதில் மூன்று மோட்டார்கள்: ஸ்பூல்களுக்கு இரண்டு, டேப்பை இழுக்கும் கேப்ஸ்டனுக்கு ஒன்று.

அந்த மூன்றாவது மோட்டாரில்தான் இந்த மிஷினின் உயிர் இருக்கிறது. மோட்டாரின் அச்சுத்தண்டே கேப்ஸ்டன். நடுவில் பெல்ட் இல்லை, ரப்பர் சக்கரம் இல்லை. மோட்டாரின் பக்கத்தில் ஒரு சின்ன காந்த ஹெட் உட்கார்ந்துகொண்டு சுழலும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேகம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சர்க்யூட் உடனே திருத்திவிடும். அதனால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற கவலை இதற்கு இல்லை. மின்னழுத்தத்தை மட்டும் சரியாக வைத்தால் போதும். புல்லாங்குழலில் நீட்டிப் பிடித்த ஒரு சுரத்தைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். சரியாகப் பராமரித்த ஏ77-இல் அந்தச் சுரம் அசையாமல் நிற்கும்.

கேசட் டெக்குகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேசட் டெக்கைத் திறந்தால் பல நேரம் பெல்ட் உருகித் தார் மாதிரி புல்லியில் அப்பியிருக்கும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். ஏ77-இல் இருக்கும் ஒரே பெல்ட், ஓடிய அளவைக் காட்டும் எண்களைச் சுழற்றுவதற்கு. அது அறுந்தாலும் பாட்டு நிற்காது.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேசட் டேப்பின் அகலம் 3.8 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஏ77-இல் ஓடுவது 6.3 மில்லிமீட்டர் டேப், நொடிக்கு 9.5 அல்லது 19 சென்டிமீட்டர் வேகத்தில். காந்தத் துகள்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் இரைச்சல் தானாக அடங்கும். அழிக்க, பதிய, கேட்க என்று மூன்று ஹெட்கள் தனித்தனியாக இருப்பதால், பதியும்போதே டேப்பில் என்ன விழுகிறது என்று ஒரு சுவிட்சைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். இந்த வசதிக்குப் பழகிவிட்டால் இரண்டு ஹெட் மிஷினில் பதிய மனசே வராது.

குறைகளுக்கு வருகிறேன். டேப் ஓடுகிறதா நிற்கிறதா என்று இந்த மிஷினுக்குத் தெரியாது. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்டாப் அமுக்கி, ஸ்பூல்கள் முழுசாக நிற்கும் முன்பே பிளே அமுக்கினால் பிஞ்ச் ரோலர், அதாவது டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் உருளை, டேப்பைக் கவ்விவிடும். மெல்லிய டேப்பாக இருந்தால் இழுபட்டு நீண்டுவிடும், இல்லை அறுந்துவிடும். பி77-இல் இதற்கு உணரி வைத்துவிட்டார்கள். டேப்பை வெட்டி ஒட்டும் வேலை நிறைய இருப்பவர்களுக்கும் பி77தான் வசதி. அதில் வெட்டும் கத்தி ஹெட் பக்கத்திலேயே இருக்கிறது. ஏ77-இல் ஆன், ஆஃப், வேகம், ஸ்பூல் அளவு எல்லாமே ஒரே குமிழில். புதிதாகத் தொடுகிறவர்கள் பெரிய ஸ்பூலை மாட்டிவிட்டுச் சின்ன ஸ்பூலுக்கான இடத்தில் குமிழை வைப்பது சர்வ சாதாரணம். இழுப்பு மாறிவிடும், கவனம் வேண்டும்.

அடுத்தது வயசு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நான் வாங்கிய ஏ77 'முழு சர்வீஸ் செய்தது' என்ற உறுதியோடு வந்தது. முகப்பு பளபளவென்று இருந்தது. பின்பக்கம் திறந்தால் ஒரு கண்டன்சர்கூட மாற்றப்படவில்லை. தூசியைத் துடைத்ததைத்தான் விற்றவர் சர்வீஸ் என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, மிஷின் மேல் இல்லை.

இந்த வயசு மிஷின்களில் மின்சாரம் நுழையும் இடத்தில் காகிதம் சுற்றிய கண்டன்சர்கள் இருக்கும். அவற்றின் தெளிவான மேலோட்டில் காலப்போக்கில் மெல்லிய விரிசல்கள் விழும். அதன் வழியாக ஈரம் ஏறும். பல வருஷம் சும்மா கிடந்த மிஷினுக்குக் கரண்ட் கொடுத்தால் சில நிமிஷத்தில் பட்டென்று வெடித்து, மூக்கைத் துளைக்கும் புகை அறை முழுக்கப் பரவும். மிஷினுக்குப் பெரிய சேதம் இல்லை என்றாலும் நெஞ்சு பதறும். எனவே வீட்டுக்கு வந்ததும் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் அவற்றை மாற்றுங்கள். கூடவே மோட்டார் கண்டன்சர்களையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பிரீசெட்கள். சர்க்யூட் அட்டைகளில் திறந்தவாக்கில் இருக்கும் சின்ன திருகுகள், ஒலி அளவையும் பயஸையும் (பதியும்போது ஒலியோடு கலக்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) சரிசெய்பவை. அவற்றின் தொடுபுள்ளி துருவேறி இடது பக்கம் திடீரென்று மங்கும், இல்லை கரகரவென்று சத்தம் வரும். பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாகத் தட்டினால் ஒலி எகிறிக் குதிப்பதை வைத்து எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஒன்று போயிருந்தால் மற்றவையும் போகப்போகின்றன, எல்லாவற்றையும் சேர்த்து மூடிய வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. இங்கேதான் ஸ்டூடர் ஆட்களுக்கு நான் கைகூப்புவேன். பதியும் அட்டை, ஒலிக்கும் அட்டை, ஆசிலேட்டர் எல்லாமே செருகி எடுக்கும் வகை. கையால் இழுத்தால் வந்துவிடும், மேசையில் வைத்து ஈயம் வைக்கலாம். சர்வீஸ் மேனுவலில் சர்க்யூட் படம் முழுசாக இருக்கிறது, எந்தத் திருகு எதற்கு என்பது உட்பட. பழுது பார்க்கிறவனை மனதில் வைத்து வடிவமைத்த மிஷின் இது.

மாற்றிய பிறகு, சரிபார்ப்பதற்கென்றே சுரங்கள் பதிந்து வரும் டேப்பை ஓட்டி ஹெட்டின் சாய்வு, ஒலி அளவு, அப்புறம் பயஸ் என்ற வரிசையில் சரிசெய்ய வேண்டும். நீங்கள் எந்த டேப்பில் பதியப் போகிறீர்களோ அதற்குத்தான் பயஸ் வைக்க வேண்டும். பிரான்ஸில் தயாராகும் எல்பிஆர்35 டேப் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. 26.5 சென்டிமீட்டர் ஸ்பூலில் 1100 மீட்டர், 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

அன்றாடப் பராமரிப்பு சுலபம். ஹெட்டையும் கேப்ஸ்டனையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைப்பேன். பிரேக்குக்குப் பக்கத்தில் எண்ணெய் கொண்டுபோக மாட்டேன். பிரேக் பட்டைகள் மடங்காமலும் பார்த்துக்கொள்வேன். அவை மெல்லிய எஃகு, ஒரு தடவை மடங்கினால் பழைய வளைவுக்கு வராது.

1970, 80-களின் சில டேப்புகள், முக்கியமாக ஆம்பெக்ஸ் 456, ஈரத்தை இழுத்துப் பசைபிடித்திருக்கும். ஓட்டினால் கீச்சென்று கத்தி ஹெட்டில் பழுப்பாக அப்பும். உடனே நிறுத்துங்கள். 50, 55 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்தெடுத்தால் ஒரு தடவை படியெடுக்கும் அளவுக்குத் தேறும். ஆனால் அவற்றைவிடப் பழைய அசிட்டேட் டேப்புக்கு இந்தச் சூடு ஆகாது. ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அது அசிட்டேட்.

வாங்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஏ77 அரை டிராக், கால் டிராக் என்று இரண்டு வகையிலும் வந்தது. டேப்பின் அகலத்தை இரண்டு தடமாகப் பிரிப்பது அரை டிராக், நான்காகப் பிரிப்பது கால் டிராக். இரண்டு பக்கமும் ஸ்டீரியோவில் பதிந்த டேப்புகள் உங்களிடம் இருந்தால் கால் டிராக் வேண்டும். அரை டிராக் மிஷினில் போட்டால் மறுபக்கப் பாட்டு தலைகீழாகக் கூடவே கேட்கும். விற்பவரிடம் ஹெட்டின் முகத்தை நேராக, நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடைவெளிக் கோடுகளின் உயரத்தைப் பார்த்தால் வகை தெரிந்துவிடும். டேப் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதும் அதே படத்தில் தெரியும். படம் அனுப்ப மறுக்கிறார் என்றால் வேறு மிஷினைத் தேடுங்கள்.